நகவெட்டியம்மாவின் ஊழியம்

அந்த அடுக்குமாடியில் ஊழியக்காரம்மா என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். நகவெட்டியம்மா என்றால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், மழை வந்தால் சுவரெல்லாம் ஓதம் காக்கிற ஒரு வீட்டில் அவரும் கணவரும் இருந்தார்கள். மிஷன் அவர்களை இந்தப் பெருநகரத்துக்கு அனுப்பியது ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணத்தான். இத்தனை வருடத்தில் கண்ட ஆதாயம், ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் கூடுகிற விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டமும், மேல்மாடி வரைக்கும் ஒழுங்காக நகம் வெட்டப்பட்ட கிழட்டுக் கால்களும்தான்.

வந்த புதிதில் வேதப் புத்தகமும் கையுமாகக் கதவு கதவாகத் தட்டியபோது அந்தம்மா ஒன்றைக் கவனித்தார். திறக்க வந்தவர்களில் பாதிப் பேர் தனிக்கட்டைகள், வயதானவர்கள். சமைத்துப் போட ஆள் வைத்திருந்தார்கள், துணி துவைக்க மிஷின் வைத்திருந்தார்கள். குனிந்து கால் நகம் வெட்டிவிடத்தான் நாதியில்லை. நகம் வளர்ந்து, வளைந்து, சதையில் குத்தி, செருப்பு மாட்ட முடியாமல் வீட்டோடு முடங்கிக் கிடந்தார்கள்.

"பரலோகத்துக்கு வழி காட்டறது இருக்கட்டுங்க. முதல்ல இவங்களை வாசப்படி தாண்ட வைப்போம்" என்றார் கணவரிடம்.

அன்றிலிருந்து மத்தியானமானால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். நகவெட்டி, துண்டு, மருந்து டப்பா அம்மா கையில். வெந்நீர் வாளி ஐயா கையில். கால்களை ஊறவைப்பதும் ஈரம் துடைப்பதும் டார்ச் பிடிப்பதும் ஐயாவின் வேலை. ஐயாவுக்குக் காது மந்தம். அதனால் அவர் ஜெபம் பண்ணினால் மோட்டார் சத்தமே அடங்கிப் போகும். ஆனாலும் நகம் வெட்டி முடித்த பிறகு, "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்காமல் வாய் திறக்க மாட்டார். வேண்டாம் என்றால் வாளியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். அதற்காக அடுத்த முறை வாளி போகாமல் இருந்ததில்லை.

ஐந்தாம் மாடி டெய்லர் அந்த வேண்டாம் கோஷ்டிக்குத் தலைவர். தையலை விட்டு எத்தனையோ காலமாகியும் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரை முற்றி, பாதத்தில் முள் குத்தினாலும் உறைக்காத நிலைமை. கண்ணும் மங்கல். ஒரு கீறல் விழுந்து புரையோடினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இருந்தும் டெய்லர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். நகம் வெட்டலாம், ஜெபம் கூடாது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ வந்து தலையில் கைவைத்து, எழுந்து நடப்பார் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே அந்த அம்மாளை அடக்கம் பண்ண வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. நகவெட்டியம்மாவும் ஜெபம் கிடையாது என்று வாக்குக் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மிஷனுக்குப் புதுக் கண்காணிப்பாளர் வந்தார். மகன் வயது. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர். முன்னறையில் உட்கார்ந்து, இந்த ஊழியத்தில் கனி ஒன்றும் காணோமே, சபையில் ஆள் கூடவில்லையே என்று இழுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சனிக்கிழமை வண்டி வரும், இருவரும் மிஷனின் ஓய்வு இல்லத்துக்குப் போக வேண்டும், இந்த வீட்டுக்கு இளம் தம்பதி ஒன்று வருகிறது. காதில் விழாத ஐயா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்புறம் அம்மா அவருக்குப் புரிகிற சத்தத்தில் சொன்னதில், சேதி எல்லா மாடிக்கும் போய்விட்டது.

கிளம்புவதற்கு முன் இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கக் கண்காணிப்பாளர் வியாழக்கிழமை மத்தியானம் கூடவே வந்தார். டெய்லர் வீட்டு வாசலில் அம்மா அவரை நிறுத்தி, இங்கே ஜெபம் கிடையாது, வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார். கண்காணிப்பாளர் சரியென்று தலையசைத்தார். ஒரு கால் முடிந்து மறு கால் பாதியில் இருந்தபோது, அவருக்கு என்ன தோன்றியதோ, டெய்லர் தலையில் கையை வைத்து, "எங்கள் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்தம்மா பிறந்ததிலிருந்து ஜெபக்காரி. ஜெபம் என்று ஆரம்பித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அன்றும் மூடிக்கொண்டது. கை மட்டும் நிற்கவில்லை. எல்லோரும் கண்மூடியிருப்பதைப் பார்த்த ஐயா, தன் பங்குக்கு ஓங்கி ஒரு ஆமென் போட்டார். அம்மா திடுக்கிட்டுக் கண் திறந்தபோது சுண்டுவிரலோரம் ரத்தம். டெய்லருக்கு வலிக்கவில்லை. துண்டில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கடின இருதயம் என்று கண்காணிப்பாளர் படியிறங்கிக்கொண்டே முணுமுணுத்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம். அதுவரை அவரை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, வாக்குக் குடுத்தது நாங்க. ஒடைச்சது நீங்க. வெட்டுப்பட்டது அவரு. இதுல யாருக்குக் கடின இருதயம்?" என்று கேட்டார்.

கோபம் ஒருபக்கம் இருந்தாலும் பயமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கால் போனால் தன் கையால் போனதாகும். மறுநாள் காலையிலேயே மருந்து டப்பாவோடு போய்க் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டார். போகிறவர் வருகிறவரெல்லாம், அந்தப் பிடிவாதக்காரரிடம் மல்லுக்கட்டாதீர்கள் என்று புத்தி சொன்னார்கள். அம்மா அசையவில்லை. கீழே ஐயா பெட்டி கட்டுவதும், இடையில் வந்து மனைவிக்குத் தண்ணீர் கொடுப்பதுமாக இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கதவோரம் வாயை வைத்துப் பேசினார்.

"டெய்லரய்யா, அந்தத் தம்பி மேல பழி போட நான் வரல. நகவெட்டி என் கையில இருந்துச்சு. கண்ணை மூடினது நான். திட்டுறதுன்னா திட்டுங்க. ஆனா காலைக் காட்டிட்டுத் திட்டுங்க."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. டெய்லர் திட்டத்தான் செய்தார், வண்டி வண்டியாக. அம்மா கேட்டுக்கொண்டே அவர் சுற்றியிருந்த அழுக்குத் துணியைப் பிரித்தார். விரலைச் சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. அப்படியே கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போனார். நல்லவேளை, கால் பிழைத்தது, தினமும் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும், ஒரு நாள் விட்டாலும் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர்.

சனிக்கிழமை சொன்னபடி வண்டி வந்து நின்றது. பெட்டிகள் வெளியே வந்துவிட்டன. ஐயா ஏறி உட்கார்ந்தும் விட்டார். அம்மா மட்டும் ஏறவில்லை. டெய்லர் கால் ஆறாமல் தான் வருவதற்கில்லை என்றார். கட்டு மாற்ற வேறு ஆள் ஏற்பாடு செய்யலாம் என்றார் கண்காணிப்பாளர். வேறு ஆளுக்கு அந்தக் கதவு திறக்காது என்றார் அம்மா. கண்காணிப்பாளர் குரலை உயர்த்தினார்.

"அப்ப மிஷன் கட்டளையை மீறறீங்களா?"

"ஆமா, மீறறேன்" என்றார் அம்மா. இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "சின்னஞ்சிறுசுங்க வரட்டும். மோட்டார் சத்தத்துல தூங்கப் பழகிக்கச் சொல்லுங்க."

பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, நாம் போகவில்லை என்று கத்தினார். ஐயா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. காலடியில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"அப்ப வெந்நீர் போடவா?"

எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை. வண்டி போனபிறகு படிக்கட்டின் கீழே பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது லிப்ட் திறந்து டெய்லர் வந்தார், கட்டுப் போட்ட காலை ஊன்றாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"உள்ரூம்ல என் தையல் மிஷின் மட்டுந்தான் கெடக்கு. பொட்டிங்களை அங்க கொண்டாந்து போடுங்க."

அம்மா உடனே ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டார். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட்டார். "எங்க வீட்டுக்காரரு தெனம் ஜெபம் பண்ணுவாரு. மெதுவாப் பண்ண அவருக்கு வராது."

டெய்லர் யோசித்தார். "என் தலையில கை வைக்காம இருந்தாச் சரி" என்றார்.

அன்று சாயங்காலம் டெய்லரின் காலை மடியில் வைத்து அம்மா கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஐயா ஆரம்பித்தார். கதவு சாத்தியிருந்தும் வீடு அதிர்ந்தது. கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு நோவாகச் சொல்லி ஜெபித்துக்கொண்டே மாடி ஏறினார். சாவி வாங்கிப்போன கண்காணிப்பாளரும் அந்த ஜெபத்தில் வந்தார். ஐந்தாம் மாடியில் எல்லோரும் வந்தார்கள். டெய்லர் மட்டும் வரவில்லை. ஐயா ஆறாம் மாடிக்குப் போய்விட்டார்.

"என்ன, என்னை விட்டுட்டாரு?"

"நீங்கதான வேண்டாம்னீங்க. வாக்குக் குடுத்திருக்கோம்ல."

டெய்லர் கட்டுப் போட்ட காலைக் கீழே இறக்கினார். பிறகு அந்தம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, மங்கல் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"நாளைக்கு வேணா ஒரு வார்த்தை சேத்துக்கச் சொல்லு. ஆனா நீ கண்ணைத் தொறந்து வெச்சுக்க."