கவிழ்த்து வைத்த கிளை

எங்கள் பட்டறையில் எல்லாரும் அவளைப் பூக்காரி என்றுதான் கூப்பிடுவோம். பூ விற்கிறவள் இல்லை, வரைகிறவள். பழங்காலத்து ஓவியம் மாதிரியே ஓட்டல்களுக்குப் படம் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. வசந்தகாலம், பூத்துக் குலுங்கும் கிளை, அதன் கீழே ஒருத்தி நிற்பாள். முகத்துக்கு ஒரு சிடுமூஞ்சி அண்ணன், துணிமணிக்கு நான், பூவுக்கு அவள்.

"வேலைவெட்டி இல்லாதவ. எப்பப் பாரு நின்னுக்கிட்டே பூவை மோந்துக்கிட்டிருக்கா," என்று படத்துப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வரைவாள்.

இந்த வருஷம் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை மார்புக்கு மேல் எழும்பாது. தலை வாரிவிடக்கூட மகள்தான். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி. முதலாளிக்குத் தெரிந்தால் வேறு ஆள் பார்த்துவிடுவார். கிளையோ ஆள் உயரப் படத்தின் உச்சியில் இருந்து தொலைத்தது.

"கவுத்துப் போடுடி," என்றாள். முதலாளி வெளியே போகும்போதெல்லாம் படத்தைத் தலைகீழாக வைத்துக் கொடுப்பேன். வண்டிச் சத்தம் கேட்டதும் நிமிர்த்திவிடுவோம்.

கவிழ்த்து வரைந்தால் வெளிச்சத்தையும் மாற்றிப் போட வேண்டும். ஒருநாள் களைப்பில் அவள் கை பழகினபடியே போய்விட்டது. நிமிர்த்திப் பார்த்தால் பெண்ணுக்கு நெற்றியில் வெயில், பூவுக்கெல்லாம் அடியில் வெயில். மறுபடி கவிழ்க்கப் போனேன். அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

"என்ன இது, வெளிச்சம் கீழேயிருந்து வருது?"

நான் ஏதோ புளுகப் பார்த்தேன். அவள் விடவில்லை. "கை மேல போகலீங்க. கவுத்து வெச்சு வரைஞ்சேன். இனிமே மறைக்கத் தெம்பு இல்லை."

முதலாளி வாயைத் திறக்குமுன் சிடுமூஞ்சி அண்ணன் முந்திக்கொண்டார். எங்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத மனுஷன்! "படத்துப் பொம்பளையை உட்கார வெச்சிடுவோமே. கிளை வேணாம், பூவை மடியில போட்டுடலாம். எனக்கும் நின்னு நின்னு முதுகு விட்டுப்போச்சு."

"வாங்கறவங்க ஒத்துக்குவாங்களா?"

"பூவும் பொண்ணும்தானே கேட்கறாங்க? நிக்கணும்னா கேட்டாங்க?"

முதலாளி கன்னத்தைச் சொறிந்தார். "சரி, அடுத்ததிலேர்ந்து உட்காரட்டும்."

மறுநாள் புதுப் படத்தில் பெண் உட்கார்ந்திருந்தாள். பூக்காரியும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையைத் தூக்காமலேயே அந்தப் பெண்ணின் மடியில் பூவாக நிரப்பத் தொடங்கினாள். ஐந்தாறு பூ முடிந்ததும் தூரிகையை வைத்துவிட்டாள்.

"பாவிகளா, இவளை முன்னாடியே உட்கார வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.