நான் பேசினால் கத்திய மீட்டர்

பேய், சகுனம், ஜாதகம் எதையும் நம்பாதவன் நான். படித்தது நிலவியல், பிழைத்தது மண்ணைத் துளைத்து. இதைக் கேட்டால் கருவியில் கோளாறு என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில். மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊர்ப்பக்கம் மூடிப்போன ஒரு கேஸ் ஸ்டேஷன், அங்கே பெட்ரோலுக்குக் கேஸ் என்றுதான் பேர். பூமிக்கடியில் இருந்த பெட்ரோல் டேங்கை என்றைக்கோ தோண்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் அது பல காலம் ஒழுகியிருந்தது. ஒழுகியது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று துளை போட்டு, மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்துப் பார்ப்பது என் வேலை. அன்று சனிக்கிழமை, மனைவிக்கு ஆபீஸ், டேகேர் கிடையாது, அதனால் ஆறு வயது நித்யாவையும் கூட்டிப்போனேன். கூட்டிப்போயிருக்கக் கூடாது.

வேலியோரத் துளையிலிருந்து வந்த மண் குப்பென்று வாடை அடித்தது. என் கழுத்தில் ஒரு மீட்டர் தொங்கும், பெட்ரோல் வாடை பட்டால் கீச்சென்று கத்தும். அது விடாமல் கத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, அவர்களுக்குச் சொந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். லேப் ரிசல்ட் வரும்வரை அக்கம்பக்கத்தில் வாயே திறக்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. என் கிரீன் கார்டு அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது.

துளையை மூடியதும் மீட்டர் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் வேலியருகே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு டம்ளர். நான் நித்யாவைத் தமிழில் அதட்டியது காதில் விழுந்திருக்கிறது.

"நாங்க ஈரோடுங்கண்ணா. இந்த வெயில்ல நிக்கறீங்களே, தண்ணி குடிங்க."

"இன்னைக்கு விரதம்மா," என்றேன். மீட்டர் கத்தியது.

"தண்ணி கூடவா? உங்க சாமி ரொம்பக் கண்டிப்புங்களாட்ட இருக்குது," என்று சிரித்தாள். "பாப்பாவுக்கு விரதமில்லீல்ல?"

நித்யா டம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோனாள். நான் பிடுங்கித் தரையில் கொட்டினேன். "அவளுக்குச் சளிம்மா." மறுபடி கத்தியது.

"நோ அப்பா, ஐ டோன்ட் ஹேவ் எ கோல்ட்."

அந்தப் பெண் தரையில் ஊறிய ஈரத்தையே பார்த்தாள். "இந்தத் தண்ணியிலதானுங்க இவனுக்குப் பால் கலக்கறேன். ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?"

"ஒண்ணும் இருக்காது. சும்மா ரொட்டீன் டெஸ்ட்."

நம்பினால் நம்புங்கள், அது கத்திய கத்தலில் குழந்தை அழ ஆரம்பித்தது.

"அதென்னுங்க, நீங்க பேசுனா மட்டும் கத்துது?"

"பேட்டரி வீக்," என்றேன். அதற்கும் கத்தியது. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கூப்பிடவில்லை.

சாயங்காலம் காரில் மீட்டரைச் சரிபார்த்தேன். பூஜ்யம். "என் பொண்ணு பேரு நித்யா," என்றேன், சத்தமில்லை. "அந்தத் தண்ணி நல்ல தண்ணி," என்றேன், அலறியது. நித்யா கைகொட்டிச் சிரித்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, யூ ஸ்மெல் லைக் கேஸ்."

ரிசல்ட் வரப் பல வாரம் ஆனது. அவர்கள் கிணற்றில் பெட்ரோல் இருந்தது. கம்பெனி பாட்டில் தண்ணீர் அனுப்பியது. அதுவரை அந்தப் பிள்ளை குடித்த பால் எல்லாம் அந்தத் தண்ணீரில் கலந்ததுதான். அப்புறம் அவர்கள் டெக்ஸஸ் போய்விட்டதாகக் கேள்வி. எனக்குக் கிரீன் கார்டு வந்தது. அந்த மீட்டரை மற்றவர்கள் பல வருஷம் எடுத்துப் போனார்கள், ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

நித்யா இப்போது காலேஜில். போன மாதம் லீவுக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்டாள். "அந்த ஆன்ட்டியோட பேபி, இஸ் ஹி ஓகே அப்பா?"

"நல்லாத்தான் இருப்பான்மா."

அவள் மூக்கைச் சுளித்தாள். அடுப்பைப் பார்த்தாள், எங்கள் வீட்டில் கரண்ட் அடுப்பு. எழுந்துபோய்க் கராஜ் கதவைத் திறந்து பார்த்தாள், காரை அவள் அம்மா எடுத்துப் போயிருந்தாள். திரும்பி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"டூ யூ ஸ்மெல் கேஸ், அப்பா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.