பல் கிளினிக் முடியும்வரை

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். இப்போது எல்லாம் செம்பனை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன், வேன் ஓட்டிப் பிழைக்கிறேன். காலையில் கர்ப்பிணிப் பெண்களை டவுன் கிளினிக்குக்குச் செக்கப்புக்கு ஏற்றிப்போவேன். பன்னிரண்டுக்குக் கிளம்பினால்தான் பள்ளிப் பிள்ளைகளை நேரத்துக்கு ஏற்ற முடியும். தவறிவிடுமோ என்ற பயத்தில் காலைச் சாப்பாடே எனக்கு இறங்காது.

அன்று செக்கப் முடிந்து வந்த கலாவுக்குக் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஏழு மாதம்.

"நர்ஸ் மிஸி பல்லு கிளினிக் போகச் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்க அண்ணே. நம்பர் எடுத்தா ரெண்டு மணி ஆயிரும். அடுத்த மாசம் பாக்கலாம்."

இன்னொரு கர்ப்பிணியான தன் மருமகளுக்குத் துணையாக வந்த சரசு அக்கா பின் சீட்டிலிருந்து சிரித்தார். "நான் நாலு பெத்தேன், நாலு பல்லு போச்சு. பல்லா பிள்ளை பெறுது? இந்த நேரத்துல ஊசி ஆகாதுலா. வண்டிய எடு தம்பி."

கலா தண்ணீர்ப் பாட்டிலை வாயில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

எஞ்சினை அணைத்தேன். "எறங்கு, நம்பர் எடு. நான் நிக்கிறேன்."

இன்னொரு வேன்காரரான நண்பருக்குப் போன் போட்டேன். "மச்சான், என் பிள்ளைங்களையும் ஏத்திக்க."

"என் வண்டியிலயே பிள்ளைங்க மடிமேல மடியா உக்காருதுங்க! ரெண்டு டிரிப் அடிக்கிறேன். திட்டு உனக்குத்தான்லா."

திட்டு வந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் அனுப்பிய வாட்ஸ்அப்புக்கெல்லாம் 'சாரி' போட்டேன்.

கலா பஞ்சைக் கடித்தபடி வந்தாள். "பிடுங்கிட்டாங்க. சீழ் கழுத்துக்கு எறங்கியிருந்தா மூச்சடைச்சிருக்குமாம். இந்த ஊசி பிள்ளைய ஒண்ணும் செய்யாதாம்."

"பிள்ளை ஆடுதா?" என்றார் சரசு அக்கா. கலா அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

அக்கா பக்கத்தில் இருந்த மருமகள் மெல்லச் சொன்னாள்: "அத்தே, எனக்கும் வலிக்குது. மூணு மாசமா."

சரசு அக்கா மருமகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இன்னும் நம்பர் குடுப்பாங்களா?"

இரண்டு குடும்பங்கள் என் வேனை விட்டுவிட்டன. செக்கப் நாளில் பிள்ளைகளை இப்போது மச்சான்தான் ஏற்றுகிறார். கவலை குறையவில்லை, சோறும் இறங்கவில்லை. புதிதாக வேன் ஓட்ட வரும் தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: கிளினிக்கிலிருந்து கிளம்புமுன் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் "பல்லு காட்டியாச்சா?" என்று கேளுங்கள். வண்டி காத்திருக்கிறதே என்று, அவர்களாக வலியைச் சொல்ல மாட்டார்கள்.