பன்னிரண்டு மூட்டை சீமெந்து

நான் வேலை செய்யும் கடை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டோக்கொப்பி, லமினேட், அடையாள அட்டைப் படம். என்னை வேலைக்கு எடுத்த அன்று முதலாளி சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"நீ எட்டாம் வகுப்போடை விட்டனீ எண்டபடியால்தான் உன்னை எடுக்கிறன். படிச்சவனை வைச்சால் ஒவ்வொரு தாளாய் நிண்டு வாசிப்பான். கொப்பி அடிக்கிறவனுக்குக் கண் இருக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் முதலாளி."

விளங்கத்தான் செய்தது. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்குத்தான் எழுத்தைக் கண்டால் விட முடியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. கச்சான் கடலை சுற்றி வந்த தாளைக்கூட விரித்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவேன். எங்கேயாவது என்னைப் பற்றி எழுதியிருக்குமோ என்று ஒரு பயம்.

கச்சான் தாள் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். மெசினுக்குக் கீழே ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கிறது. இறுகிக் கசங்கிய தாள், சரிந்து விழுந்த கொப்பி எல்லாம் அதற்குள் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசலில் நிற்கும் கச்சான்காரர் வந்து பெட்டியோடு அள்ளிக்கொண்டு போவார். பதிலுக்கு எங்களுக்கு ஆளுக்கொரு சுருள் கச்சான். மன்னார் டவுனில் பாதிப் பேரின் காணி உறுதியும் மீதிப் பேரின் இரத்தப் பரிசோதனையும் இப்படிச் சுருளாக ஊர் சுற்றியிருக்கின்றன. அதை யாரும் இரகசியத்தை வெளியே விட்டது என்று சொன்னதில்லை.

சென்ற வருடம் புரட்டாதி கடைசியில் ஒருநாள் கடையில் பெரிய வாக்குவாதம். ஏதோ தூரத்து நாட்டில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த ஒருவன், அந்த அரசாங்கம் தன் சனங்களின் போன் கதையை எல்லாம் ஒட்டுக்கேட்கிறது என்று தாள்களைக் களவாக எடுத்து வெளியே விட்டுவிட்டானாம். படம் லமினேட் பண்ண வந்த வான் ட்ரைவர் தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வீரன் எண்டால் இவன்தான்," என்றார் ட்ரைவர்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வீரன்? திண்ட கோப்பையிலை ஓட்டை போட்டவன். சம்பளம் வாங்கேக்கை இனிச்சதோ? எங்கட ஊரிலை இதுக்கு ஒரு பேர் இருக்கு."

"அவன் சொல்லாட்டி அந்தச் சனத்துக்குத் தெரிஞ்சிருக்குமோ அண்ணை?"

"தெரிஞ்சு என்ன செய்யப்போகினம்? போனைக் கிணத்துக்குள்ளை போடப்போகினமோ?"

ட்ரைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. வீரனோ துரோகியோ?"

"டோனர் முடியப்போகுது," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. துரோகி என்ற அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. எங்கள் பக்கம் அந்தச் சொல்லை நெற்றியில் வாங்கியவர்கள் சிலர் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

கடைக்கு ஒரு சேர் வருவார். தமிழ்க்காரர்தான், வேறு ஊர். கந்தோரில் வேலை என்று மட்டும் சொல்வார். எந்தக் கந்தோர் என்று முதலாளியும் கேட்டதில்லை. கிழமையில் இரண்டு நாள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ குடித்துக்கொண்டு, "என்ன தம்பி புதினம்?" என்பார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். சும்மா இருப்பார்.

அந்தச் சும்மா இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. கந்தோர் ஆட்கள் என் முன்னால் பேசாமல் இருந்தால் நான் பேசத் தொடங்கிவிடுவேன். என் பயம் எப்போதும் வாய் வழியாகத்தான் வெளியே போகும். என்னைப் பற்றி எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று மற்றவர்களின் கதையைச் சொல்வேன். ஆர் வீடு கட்டுகிறார்கள், ஆர் மடு மாதா கோயிலுக்குப் போனார்கள், ஆருக்கு இந்தியாவிலிருந்து ஆள் வருகிறது. எல்லாம் ஊரறிந்த கதைதானே என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு ஃபைலோடு வந்தார். கந்தோர் மெசின் பழுதாம். இருபத்திரண்டு தாள். பக்கத்திலேயே நின்றார். மூன்றாவது தாள் போகும்போது அவருடைய போன் அடித்தது. றோட்டுச் சத்தம் கேட்காத பக்கமாகப் பின்பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து மெசின் இறுகியது. மூடியைத் திறந்து கொப்பியை இழுத்தெடுத்தேன். ஓரம் கசங்கி, நடுவில் கறுப்புக் கோடு. வழக்கம்போலப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறு கொப்பி அடித்தேன்.

அவர் திரும்பி வந்து தாள்களை எண்ணினார். "பழுதாய்ப் போனது ஏதும் இருக்கோ தம்பி?"

"இல்லை சேர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், முதலாளி பக்கத்தில் நின்றார், தாள் பழுதாக்கினால் ஏசுவார். அவ்வளவுதான். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு தாளுக்கு ஏச்சு வாங்கப் பயந்தது.

அவர் போன பிறகுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. கச்சான்காரர் வருவதற்குள் அந்தத் தாளை எடுத்துச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

தலைப்பு சிங்களத்தில் அடித்திருந்தது. கட்டங்களுக்குள் தமிழில், நல்ல அழகான கையெழுத்து. தோட்டவெளி ஊரில் எங்கள் ஒழுங்கை, நாங்கள் இருக்கும் சின்னத் தெரு. வீட்டுத் தலைவர், எந்த வருடம் இந்தியாவிலிருந்து வந்தவர், போன் இலக்கம், யார் யார் வந்து போகிறார்கள், எந்தக் கூட்டத்தில் கண்டது.

முதலில் என் பெயரைத்தான் தேடினேன். நான் வளர்ந்தது தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். அங்கே மாதத்தில் ஒருநாள் வரிசையில் நின்று தலை காட்ட வேண்டும். பெயர் கூப்பிட்டால் காசும் அரிசியும் வரும். பெயர் விடுபட்ட மாதம் அம்மா அழுதது எனக்குத் தெரியும். அதனால் பட்டியலில் பெயர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு. தாளில் ஆறு வீடு இருந்தது. என் வீடு இல்லை. ஏன் என்னை விட்டார்கள், எனக்கென்று ஏதும் பெரிதாக வைத்திருக்கிறார்களோ என்று தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

பிறகுதான் அக்காவின் கட்டத்தைப் பார்த்தேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. முகாமில் எங்கள் வரிசையில் இருந்தவர், இப்போது அடுத்த வளவு. அவருடைய தம்பியும் நானும் ஒரே வயது. அவன் மட்டும் இன்னும் அங்கே, பெயின்ற் அடிக்கும் வேலை. வயது போகிறது, ஊருக்கு வரப்போகிறேன் என்று சொல்லியிருந்தான். அவனுக்காக அக்கா கிணற்றடிப் பக்கம் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டத்தில் எழுதியிருந்தது இதுதான்: "சகோதரர் தமிழ்நாட்டு முகாமில். தை மாதத்துக்குள் வருவார். கிணற்றடியில் தனி அறை கட்டப்படுகிறது. பன்னிரண்டு மூட்டை சீமெந்து இறக்கப்பட்டது. பணம் வந்த வழி தெரியவில்லை."

இறக்கியது எட்டு மூட்டை. சீமெந்துக் கடையிலிருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றி வந்து இறக்கியது நான். சேரிடம் பெருமைக்குப் பன்னிரண்டு என்று சொன்னதும் நான்தான். உலகத்தில் வேறு ஒருவர் வாயிலும் அந்தப் பன்னிரண்டு இல்லை.

என் வீடு ஏன் பட்டியலில் இல்லை என்று அப்போது விளங்கியது.

"உள்ளுக்கை நித்திரையோ?" என்று முதலாளி கதவைத் தட்டினார்.

அதற்குப் பிறகு நாலு நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. தாளை அக்காவிடம் காட்டினால் அரசாங்கத்தின் தாளைக் களவெடுத்தவன் ஆவேன். வேலை போகும், அதோடு நிற்குமோ தெரியாது. காட்டாவிட்டால் அக்காவின் தம்பி வந்து இறங்குவான், அவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவனுக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்பதை எத்தனை தரம், எத்தனை மேசைக்கு முன்னால் இருந்து சொல்ல வேண்டும்? காட்டினால் அவன் வரவே மாட்டான், அதுவும் தெரியும். பத்து வருடமாக வாறன் வாறன் என்று பயந்துகொண்டு இருந்தவன். வீடியோவில் வந்த அந்த ஆளைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். அவன் மற்றவர்கள் செய்ததைச் சொன்னான். நான் சொல்லப்போவது நான் செய்ததை. அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்றே தெரியாதவன் எனக்கு என்ன பெயர் வைப்பேன்?

ஐப்பசி, செபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில், பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் கூட்டத்தில், மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகும். செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் எங்கள் சனம் அங்கேதான் சொல்லும். "பக்கத்து வளவு ஆடு எங்கட மரவள்ளியைக் கடியாமல் இருக்க மன்றாடுவோம்" என்று ஒருவர் சொல்ல, ஆட்டுக்காரரும் சேர்ந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டு முறை. நான் முன்னதாகவே போனேன். அக்கா மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா தம்பி, வெள்ளெனவா வந்திட்டாய்? பலகாரம் இன்னும் பொரிக்கேல்லை."

தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, நின்றபடியே வாசித்தார். ஏதும் கேட்பார் என்று பார்த்தேன். கனநேரம் வாசித்தார்.

"இது எங்காலை?"

"கடையிலை கிடந்தது அக்கா. ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஆரிட்டைச் சொல்ல? எல்லாத்தையும்தான் அவங்களே எழுதி வைச்சிருக்கிறாங்களே." பிறகு சிரித்தார். "பன்னிரண்டோ? நீ எட்டு மூட்டைதானேடா இறக்கினனீ. ஆர் இந்தப் பொய்யன்? பன்னிரண்டு இருந்திருந்தால் நான் மதிலும் கட்டியிருப்பனே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான்தான் அக்கா" என்று சொல்ல வாய் திறந்தேன். தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஓடுகிற என் வாய் அந்த இடத்தில் ஓடவில்லை. வாசலில் ஆட்கள் சுரூபத்தோடு வந்துவிட்டார்கள். அக்கா தாளை நாலாக மடித்து மேசைத் துணிக்குக் கீழே வைத்தார். அதற்கு மேல் மாதாவை வைத்தார்கள்.

செபமாலை முடிந்தது. மன்றாட்டு சுற்றி வந்து வீட்டுக்காரரிடம் கடைசியாக நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எங்களைப் பற்றி ஆர் எங்கை போய்ச் சொன்னவரோ, அவருக்காக மன்றாடுவோம். அவருக்கும் என்ன பயமோ. அதை எங்களுக்கு ஆர் வந்து சொன்னவரோ, அவருக்காகவும். அவரும் பயத்தோடைதான் வந்திருப்பார்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது வீடு முழுதும். நானும் சொன்னேன். இரண்டில் எந்த ஆளுக்காகச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்துதான் அப்படிச் சேர்த்துச் சொன்னாரா என்பதும் தெரியாது. நான் கேட்கவில்லை. பலகாரத்தை முதலில் எனக்குத்தான் தந்தார்.

அன்றே தம்பிக்குப் போன் எடுத்தார். ஒட்டுக்கேட்பார்களோ என்று பயந்து, "அம்மன்கட்டு வந்த மாதிரி இஞ்சை எல்லாருக்கும் காய்ச்சல், கொஞ்சம் பொறுத்து வா" என்று சொன்னாராம். அவனுக்கு விளங்கியிருக்கிறது. பொறுத்திருக்கிறான். தை போய், வைகாசியும் போய்விட்டது. அறைக்குக் கூரை போட்டாயிற்று, யன்னல் இல்லை. அக்கா உள்ளே விறகு அடுக்கியிருக்கிறார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அவனை வரச்சொல்லுங்கோவன் அக்கா. என்ன செய்யப்போகினம்?"

"நீ பொறுப்பு நிப்பியோ?"

நான் குனிந்து சரிந்து கிடந்த விறகை எடுத்து அடுக்கினேன். அன்று நான் தாளைக் காட்டாமல் இருந்திருந்தால் அவன் இப்போது அந்த அறையில் படுத்திருப்பான். விசாரித்து விட்டிருப்பார்கள், அல்லது விட்டிருக்க மாட்டார்கள். எது நடந்திருக்கும் என்று தெரிந்தால்தானே நான் செய்தது சரியோ பிழையோ என்று சொல்லலாம்.

சேர் இன்னும் வருகிறார். நான் இப்போது வெயிலைப் பற்றியும் பஸ் நேரம் பிந்துவதைப் பற்றியும் மட்டும் கதைக்கிறேன். போன கிழமை பிளேன்டீயை ஊதிக்கொண்டு, முதல் தடவையாக அவராகவே ஒன்று கேட்டார்.

"அந்த அக்கா பன்னிரண்டு மூட்டையையும் முடிச்சிட்டாவோ தம்பி?"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பணம் வந்த வழி தெரியவில்லை என்று எழுதியிருந்ததே, நாலு மூட்டையாவது குறையட்டும் என்று பட்டது.

"எட்டுத்தான், சேர். நான்தான் கூட்டிச் சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். அக்காவுக்கு ஒரு நன்மை செய்தேனா, இன்னொரு தரம் சொல்லிக்கொடுத்தேனா? அவர் போன பிறகு கை சும்மா இருக்கமாட்டாமல் மெசின் மூடியைத் திறந்து வைத்தபடி, ஒன்றும் வைக்காமலே பொத்தானை அமத்திவிட்டேன். தாள் முழுதும் கறுப்பாக வந்தது.

"தாளை நாசமாக்காதையடா!" என்று முதலாளி ஏசினார். எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். அன்றும் வெள்ளிக்கிழமை.