சந்தியில் கழற்றிய கண்ணாடி

ஒவ்வொரு வருஷமும் வைகாசியில் கச்சான் காற்று தொடங்கும். கற்பிட்டிப் பக்கத்தில் அது கடலிலிருந்து எழும்பி, மணலை அள்ளிக்கொண்டு, ரோட்டைக் குறுக்கே தாண்டிக் களப்பு என்கிற உப்பங்கழிப் பக்கம் போகிற காற்று. மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு என் தங்கச்சியின் இடது கண் ஞாபகம் வரும். அந்தக் கண் போனதற்குக் காற்று ஒரு காரணம், சுண்ணாம்பு ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்களோடு மன்னாரிலிருந்து வந்த சனங்களில் பாதிப்பேர் திரும்பிப் போய்க் காடு வெட்டிக் காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். வாப்பா போக விரும்பவில்லை. எனக்குக் கல்யாணமாகி, என் மாப்பிள்ளை கட்டாரில் கட்டட வேலையில் இருந்தார். எனக்கும் தங்கச்சிக்கும் எத்தாளைப் பக்கம் ஒரு தையல் நிலையத்தில் வேலை கிடைத்தது. பாடசாலைச் சீருடை தைக்கிற இடம். நான் துணி வெட்டுவேன், அவள் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெஷினில் இருந்தாள். வீட்டிலிருந்து நாலு மைல் கட்டை தூரம். பஸ் அதன் விருப்பத்துக்கு வரும். ஆகவே பழைய சைக்கிள் இரண்டு வாங்கினோம்.

மன்னாரில் பொம்பிளைப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். இங்கே அப்படியில்லை. அதிலும் நாங்கள் வந்த சனம். இருபது வருஷம் இருந்தாலும் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது ‘அகதி’ என்ற சொல்தான். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்து இறங்கிய அன்றைக்கே வாப்பா எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “நாம ஊரான்ட ஊர்ல இரிக்கிறோம். சத்தம் காட்டாம இரிக்கணும்.” எனக்கு அப்போது பதினொரு வயது. தங்கச்சிக்கு இரண்டு வயது, அவளுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கு நன்றாக விளங்கியது. ஊரில் யாருடைய வாயிலும் விழாமல் போய் வருவதுதான் மானம் என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சைக்கிள் ஓடத் தொடங்கிய முதல் கிழமையே என் அபாயாவின் ஓரம் செயினுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. நடு ரோட்டில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு நின்றேன். தங்கச்சி பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு சாண் துணியை வெட்டி என்னை விடுவித்தாள். வெட்டும்போது சிரித்தாள். நான் நல்லா ஏசினேன்.

அன்று பின்னேரமே அவள் மெஷினில் உட்கார்ந்தாள். சைக்கிளுக்கென்றே தனியாக அபாயா தைத்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டன். ஏறும்போது கழற்றி, இறங்கியதும் பூட்டிக்கொள்ளலாம். உள்ளே கணுக்காலில் இலாஸ்டிக் வைத்த சல்வார். கைகளுக்கும் இலாஸ்டிக், காற்று புகுந்து பலூன் மாதிரி ஊதாமல் இருக்க. முக்காட்டுக்கு நாலு ஊசி குத்தும் இடங்களில் உட்பக்கம் சின்னத் துண்டு வைத்துத் தைத்தாள், கச்சான் இழுத்தாலும் கிழியாது. செருப்பை விட்டுவிட்டுச் சப்பாத்துப் போடவைத்தாள். இதெல்லாம் எனக்கும் பிடித்தது. கறுப்பில் கறுப்பு, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பிறகு அவள் முதுகில் குறுக்காக ஒரு மஞ்சள் பட்டி வைத்துத் தைத்தாள்.

“என்னத்துக்கு இது?”

“பின்னால வாற லொறிக்காரனுக்கு நம்மளத் தெரியணுமே ராத்தா.”

“லொறிக்காரனுக்குத் தெரியிறது கிடக்கட்டும். ஊருக்கே தெரியும். பிரி.”

அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தையலைப் பிரித்தாள். அந்த நேரம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கதை கிளம்பினால் போதும், பேசி வருகிற சம்பந்தம் கலைந்துவிடும் என்ற பயம் எனக்கு. வாப்பாவிடம் பள்ளிவாசலில் யாரோ, “உங்கட புள்ளயள் ரெண்டும் சைக்கிள்ல போகுதாமே” என்று கேட்டிருந்தார்கள். கேட்டது அவ்வளவுதான். ஆனால் எனக்கு இரவெல்லாம் நித்திரையில்லை.

கேட்டது யாராக இருக்கும் என்று எனக்குள் ஒரு நிச்சயம் இருந்தது. நாங்கள் போகும் வழியில் ஒரு சந்தி. சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் உள்ளூர் ஆள், வெள்ளைத் தொப்பி, பெரிய வயிறு. எங்களைக் கண்டதும் கையிலிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு பார்ப்பார். சிரிக்கமாட்டார், தலையாட்டமாட்டார். வாங்குப் பலகையில் இருக்கும் ஆண்களும் அவரோடு சேர்ந்து திரும்புவார்கள். அந்த நூறு கஜத் தூரத்தை நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு கடப்பேன்.

அந்த வருஷக் கச்சானில் மணல் மோசமாக இருந்தது. வேலைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பேருக்கும் கண் சிவந்து தண்ணி வடியும். தங்கச்சி ஓவர்லொக்கில் நூல் கோர்க்க முடியாமல் முதல் அரை மணித்தியாலம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள். அப்போதுதான் மாப்பிள்ளை கட்டாரிலிருந்து அனுப்பிய பெட்டியில் ஒரு கண்ணாடி இருந்தது. கட்டட வேலைக்காரருக்குக் கம்பனி கொடுக்கிறது. ஓரமெல்லாம் ரப்பர், முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், பின்னால் இலாஸ்டிக் பட்டி. நான் அதைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்தேன். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றாள். பட்டி நழுவாமலிருக்க முக்காட்டில் இரண்டு சின்ன வளையம் தைத்தாள்.

“வெல்டிங் பாஸ் வாறார், வழி விடுங்க!” என்றேன். உம்மாகூடச் சிரித்தார்.

அவள் கோபிக்கவில்லை. அன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். மணல் முகத்தில் அறைந்தபோதும் தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடினாள். நான் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. எதில் எரிச்சல் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு யாரைப் பற்றியும் பயமில்லை, எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

சந்தி தெரிந்ததும் நான் முன்னால் போய் அவளை மறித்தேன்.

“கழட்டு.”

“ஏன்?”

“அங்க ஆம்பிளைகள் இரிக்காங்க. நாளைக்கு உன்னப் பத்தி ஒரு கதை கட்டுவாங்க. சந்தி தாண்டினதும் போடு.”

அவள் கழற்றிக் கூடையில் வைத்தாள். சந்தி தாண்டியதும் போட்டாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. சந்திக்குச் சற்று முன்னால் நிற்கிற பெரிய வாகை மரம் வந்தால் அவள் கை தானாகவே தலைக்குப் போகும்.

சுண்ணாம்பு லொறி வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. களப்போரத்தில் இறால் பண்ணைகள் இருந்தன. ஒரு தரம் இறால் பிடித்து முடிந்ததும் குளத்தைக் காயவைத்துச் சுட்ட சுண்ணாம்பு போடுவார்கள். அதை ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு பழைய லொறி வரும். பைகள் கிழிந்து கிடக்கும். மேலே மூடிய படங்கு காற்றில் படபடவென்று அடிக்கும். லொறிக்காரர் தேத்தண்ணி குடிக்க நிறுத்துகிற இடம் அந்தச் சந்திக் கடை.

முதலில் ரோட்டில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. இரண்டு நாளில் அது தடித்தது. என் கறுப்பு அபாயாவில் இடது பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்தது. தட்டினேன், கை எரிந்தது. வீட்டில் போய்க் கழுவினேன், பொட்டுப் பொட்டாக நிறம் வெளிறிப்போயிருந்தது. நான் தையல் தெரிந்தவள். துணிக்கு இப்படிச் செய்கிற ஒன்று தோலுக்கு என்ன செய்யும் என்று யோசித்திருக்க வேண்டும். புது அபாயா பாழாகிவிட்டதே என்றுதான் யோசித்தேன்.

ஒரு காலையில் சின்னத் தூறல் விழுந்தது. கடைக்கு முன்னால் கொட்டிக் கிடந்த வெள்ளையிலிருந்து சுர்ரென்று சத்தம் வந்தது, மெல்லிசாக ஆவியும் எழும்பியது. தங்கச்சி சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினாள்.

“ராத்தா, ரோட்டு கொதிக்குது.”

“வா, நிக்காத. பாக்கிறாங்க.”

சந்தி தாண்டிய பிறகு அவள் கேட்டாள். “நாளையில இருந்து சந்தியில மட்டும் கண்ணாடியப் போட்டுக்கொள்றேனே? அங்கதான் தூள் கூடுதல்.”

“சந்தியிலதான் போடக் கூடாது எண்டு சொல்றேன். மத்த இடத்துல என்னத்தையாவது மாட்டிக்கொள்.”

“சரி,” என்றாள். அந்த “சரி”யைச் சொல்லும்போது அவளுடைய இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. இரண்டு கண்ணாலும் அவள் என்னைப் பார்த்ததில் அதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாலைந்து நாள் போயிருக்கும். அன்று வீட்டிலிருந்து இறங்கும்போதே காற்று எங்களை ரோட்டின் நடுவுக்குத் தள்ளியது. தென்னை மட்டைகள் விழுந்து கிடந்தன. பஸ்ஸில் போகலாமே என்று உம்மா சொன்னார். பஸ் வராது என்றேன். வாகை மரம் வந்தது. எனக்குப் பின்னால் அவள் கண்ணாடியைக் கழற்றிக் கூடையில் போட்ட சத்தம் கேட்டது.

லொறி கடைக்கு முன்னால் நின்றது. ஸ்டார்ட் பண்ணி உறுமிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டினேன். அவள் தாண்டும்போது லொறி ஒரு உதறலோடு நகர்ந்தது. படங்கின் கயிறு அறுந்து படங்கு மேலே எழும்பியது. ஒரு பை சரிந்து வாய் பிளந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ரோட்டில் ஒரு வெள்ளை மூட்டம்தான் இருந்தது. அதற்குள்ளே சைக்கிள் விழுந்த சத்தம். பிறகு அவள் சத்தம். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். அவளை முதலில் தூக்கியது அந்தக் கடைக்காரர். வயிற்றையும் தூக்கிக்கொண்டு அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். கடையின் தண்ணிப் பீப்பாவுக்குப் பக்கத்தில் அவளை இருத்தி, தலையைச் சரித்து, இமையை விரலால் பிரித்துக்கொண்டு வாளியால் ஊற்றினார். ஒரு பொம்பிளை தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். இன்னொருத்தி தாய்ப்பால் விடச் சொன்னாள்.

“ஒண்டும் விடாதீங்க! தண்ணி! வெறும் தண்ணி!” என்று அவர் கத்தினார். “நான் இறால் பண்ணையில வேல செஞ்சவன், எனக்குத் தெரியும். புள்ள, நீங்க அவட கையப் புடிங்க, கண்ணக் கசக்க விடாதீங்க!”

நான் கையைப் பிடித்தேன். அவள் திமிறினாள். பீப்பா முடிந்து, குடிக்க வைத்திருந்த தண்ணியும் முடிந்து, பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாக வந்தது. முக்காடு நனைந்து நழுவி அவள் தலைமுடி அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால் திறந்து கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. வாங்கில் இருந்தவர்கள் எழும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தன் சால்வையைத் திரும்பாமலே பின்பக்கமாக என்னிடம் நீட்டினார்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்ணி ஊற்றியிராவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். வலது கண் தப்பியது. இடது கண்ணின் கருமணிக்கு மேலே பாலாடை படர்ந்தது மாதிரி ஒரு வெள்ளை. அந்தப் பக்கம் வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும். பேசி வந்த சம்பந்தக்காரர்கள் பிறகு வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். சைக்கிளில்தான் வருவேன் என்றாள். முதுகில் அந்த மஞ்சள் பட்டியை நானே தைத்துக் கொடுத்தேன். கண்ணாடியையும் நானே துடைத்துக் கையில் கொடுத்தேன். அவளுக்கு இடது பக்கமாகவே ஓடினேன், இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறேன். வாகை மரம் வந்தது. அவள் கை தலைக்குப் போகவில்லை.

கடைக்கு முன்னால் இறங்கினோம். உம்மா செய்து கொடுத்துவிட்ட வட்டிலப்பத்தை, ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு நீட்டினேன். கடைக்காரர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் அப்ப இருந்து கேக்கணும் எண்டு இருந்தன் புள்ள. தூரத்துல வரக்குள்ள இந்தக் கண்ணாடியப் போட்டுக்கொண்டுதானே வாறது? நல்ல யோசனை எண்டு இங்க எல்லாரும் சொல்லுவம். சந்திக்குக் கிட்ட வந்ததும் ஏன் கழட்டினீங்க?”

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

“அதுக்குள்ள வேர்க்கும் நானா,” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை, ஆதங்கம்தான்.

“நீங்க மூத்தவ. வேர்த்தாலும் கழட்டாத எண்டு நீங்களாவது சொல்லியிருக்கலாமே.”

“ஓம் நானா,” என்றேன். “சொல்லியிருக்கலாம்.”