முன்னாலிருந்து கேட்ட இரண்டு விசில்

ஐயா, அம்மா, தங்களுக்கு என் பணிவான வணக்கம். பேய், ஆவி என்று எவர் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிறவன் நான். ஈரோட்டுப் பக்கத்து மலைப்பாதைகளில் முப்பது ஆண்டுகள் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்தேன். சுடுகாட்டு நிறுத்தமும் எனக்கு டிக்கெட் கிழிக்கும் இன்னோர் இடம், அவ்வளவே. ஆதலால் இதைத் தாங்கள் நம்பாவிட்டாலும் வருந்தமாட்டேன். நடந்தது நடந்ததுதான்.

மகளும் மருமகன் செந்திலும் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ரமோனில் வசிக்கின்றனர். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். குழந்தை பிறந்துவிட்டால் மலையேற்றமெல்லாம் எங்கே வாய்க்கப்போகிறது என்று செந்தில் ஒரு சனிக்கிழமை சியரா மலைக்குப் புறப்பட்டார். உடன்வரவிருந்த நண்பருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால், தினமும் எட்டு மைல் நடக்கிற என்னை மகள் துணைக்கு அனுப்பினாள். பனியின்மேல் ஒன்பது மைல் சுற்றுப்பாதை. புறப்பட்ட இடத்திலேயே முடியும்.

"முடியலைன்னா சொல்லிடுங்க மாமா, கௌரவம் பார்க்காதீங்க" என்றார்.

"நீங்க முன்னால போங்க மாப்ளே. இந்த வண்டிக்கு நான்தான் கண்டக்டர்."

ஏழு மைல் கடந்திருப்போம். பிற்பகல் மூன்று மணி. மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மலைமுகட்டில் அவர் முன்னும் நான் பின்னுமாகப் போய்க்கொண்டிருக்கையில், என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒற்றை விசில் கேட்டது. ஒரு விசில் என்றால் நிறுத்து. முப்பது ஆண்டுப் பழக்கம், யோசிக்கவே இல்லை, "ஹோல்டான்!" என்று கத்தினேன். செந்தில் நின்றார். அவருக்கு ஒரு முழம் முன்னால் பாதை ஓசையின்றி உடைந்து பள்ளத்தில் சரிந்தது. பின்னால் தாவியவரின் வலது கால் பிசகியது. காலணிக்குள் பனி புகுந்து காலுறை நனைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் காலடிகளைத் தவிர ஒன்றுமில்லை.

அவரைத் தூக்கி நிறுத்துவதற்குள், உடைப்புக்கு அப்பாலிருந்து, மேகத்துக்குள்ளிருந்து, இரண்டு விசில் கேட்டது. இரண்டு என்றால் போகலாம். இதை இருவருமே கேட்டோம்.

"ரெஸ்க்யூ டீமா இருக்கும் மாமா. மேல சுத்திப் போயிடலாம். இப்படிப் போனா கார் ரெண்டே மைல். திரும்பினா ஏழு. இந்தக் காலோட என்னால ஏழு மைல் முடியாது."

அவர் சொன்னது நியாயம். ஆனால் என் கால் எழவில்லை. நடத்துநர் வண்டிக்குள் நின்றுதான் இரண்டு விசில் கொடுப்பார். வண்டிக்கு முன்னால் நின்று கொடுக்கிறவர் எவருமில்லை.

"வேண்டாங்க மாப்ளே. வந்த வழியே போயிரலாம்."

"என்ன மாமா, இது பஸ்ஸா? அவ வீட்ல காத்திட்டிருக்கா!"

"அதனாலதாங்க சொல்றேன்."

அவர் கோபத்தோடு என் தோளில் சாய்ந்தார். திரும்பி நடந்தோம். பின்னால் அந்த இரண்டு விசில் மீண்டும் கேட்டது, மீண்டும் கேட்டது, புறப்படாத வண்டியை அதட்டுவது போல. பதில் குரல் கொடுத்தோம். மனிதக் குரல் வரவில்லை. ஏறக்குறைய ஒரு மைலுக்குப் பின் விசில் நின்றது. காரை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. செந்திலின் வலக்கால் விரல்கள் இரண்டைப் பனி தின்றுவிட்டது, மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

அங்கே எவரேனும் சிக்கியிருந்தால் என்ன செய்வது என்று வனக்காவலரிடம் தகவல் சொல்லியிருந்தோம். மறுநாள் தேடிவிட்டு அவர் தொலைபேசியில் கூறினார்: இரவில் புதுப்பனி விழவில்லை, உடைப்பு வரைக்கும் எங்கள் இருவரின் தடங்கள் உள்ளன, அதற்கப்பால் ஒரு காலடியும் இல்லை. மேலே சுற்றிப் போக வழி உண்டா என்று கேட்டேன். உண்டு, உறுதியான வழிதான் என்றார்.

அப்படியானால் அந்த இரண்டு விரல்கள் என் பிடிவாதத்தால் போயினவா? பேத்தி பிறந்த பிறகு ஒருநாள், நான் கத்தி அவரை நிறுத்திய அந்த ஒன்றையாவது சொல்லி ஆறுதல் தேடினேன். செந்தில் வியப்போடு பார்த்தார்.

"நீங்க கத்தலையே மாமா. விசில்தானே அடிச்சீங்க? திரும்பிப் பார்த்தேனே, உங்க கை வாய்கிட்ட இருந்துச்சு."

ஓய்வுபெற்ற அன்றே என் விசிலை டெப்போவில் ஒப்படைத்துவிட்டேன். மலையில் அன்று என் இரு கைகளிலும் பனியில் ஊன்றி நடக்கும் கோல்கள் இருந்தன.

இதற்கு விளக்கம் கேட்டு எழுதவில்லை. தாங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இந்தத் தாளைக் கிழித்துவிடாமல் எங்கேனும் வைத்திருங்கள்.