துருவாசரும் டேங்க் பட்டையும்

துருவாசர் பசைக் குழாயின் மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை மூச்சை இழுக்கிறார். வினிகர் மாதிரிப் புளித்த வாடை வந்தால் குழாய் நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும். வாடை வராவிட்டாலும் அவருக்கு நம்பிக்கை வராது. வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்தா, கொஞ்சம் இத மோந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிடுவார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வருவார். "ஊர்ல புருஷனுங்க பூவக் குடுத்து மோந்து பாக்கச் சொல்றாங்க. எனக்கு வாய்ச்சது பசை" என்பார்.

"வாடை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இல்ல சாமி, இல்ல."

அதன் பிறகுதான் வேலை தொடங்கும்.

பழைய மோட்டார் சைக்கிள்களின் பெட்ரோல் டேங்க்குக்குப் புதுப் பட்டை மாட்டுவது இவருடைய சனி, ஞாயிறு வேலை. மற்ற ஐந்து நாளும் ஒரு பாட்டில் தொழிற்சாலையில், ஓடும் பெல்ட்டின் முன்னால் உட்கார்ந்து மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மூடி என்று அவருக்கே தெரியாது. வயது ஐம்பத்து நான்கு. வலது தோள் இடதைவிட ஒரு விரல் கடை தாழ்ந்திருக்கும். "எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால், "மெயின் எப்பவோ தீந்துபோச்சு. ரிசர்வ்ல ஓடுது" என்பார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார், ஏனென்றால் அது அவருக்கு நகைச்சுவை இல்லை.

'துருவாசர்' என்பது மனைவியின் தம்பி வைத்த பெயர். துருவோடு வாசம் செய்கிறவர் என்பது ஒரு பொருள். டேங்க்கைப் பார்த்த உடனேயே, "இது இன்னும் ரெண்டு வருஷத்துல ஓட்ட விழும்" என்று சாபம் கொடுக்கிறவர் என்பது இன்னொரு பொருள். உண்மையில் துர்வாசருக்கு இருந்த கோபத்தில் கால் பங்குகூட இவரிடம் கிடையாது. யாராவது கத்தினால், கத்தி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வார். முடிந்ததும், "ஆச்சா?" என்று கேட்பார்.

பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. ஒரு மேசை, அதன் மேல் பஞ்சு பிதுங்கிய தலையணை. டேங்க் எப்போதும் தலையணை மேல்தான் இருக்கும். சுவரில் ஆணி அடித்து ஏழு அரங்கள் தொங்குகின்றன. எட்டாவது ஆணியில் ஒரு பழைய டேங்க் பட்டை தொங்குகிறது. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் செங்கல் பொடி மாதிரி உதிரும். வேலை கொண்டுவருகிறவர்கள் அவசரப்படுத்தினால் அதைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.

டேங்க் என்பது இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி. இரண்டும் சேரும் இடத்தில், முதுகெலும்பு மாதிரி ஒரு விளிம்பு முன்னிருந்து பின்னாக ஓடும். அது பார்க்க அழகாக இருக்காது என்றுதான் மேலே குரோம் பட்டையைச் செருகி மூடுகிறார்கள். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனால் முன்பக்கம் ஒரு கொக்கியில் போய் மாட்டும். பின்பக்கம் ஒரு திருகாணி. பத்து நிமிட வேலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். துருவாசருக்கு மூன்று சனிக்கிழமை வேண்டும்.

புதுப் பட்டையின் உள்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதை அப்படியே தள்ளினால் டேங்க்கின் பெயிண்ட்டை வழித்துக்கொண்டு போய்விடும். பெயிண்ட் போன இடத்தில் மழைத் தண்ணீர் தங்கும். பட்டை மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் அரம், பிறகு உப்புத்தாள், பிறகு தேய்த்த இடத்துக்கு ஒரு பூச்சு. டேங்க் விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி எடுத்து, பிரைமர், அதன் மேல் பெயிண்ட். ஒன்று காயாமல் அடுத்ததைத் தொட மாட்டார். காய்ந்த விளிம்பின் மேல் மெல்லிய ஒட்டுநாடா, பட்டையின் குழிக்குள் மெழுகு. பசை, டேங்க்கின் இரு பக்கமும் முழங்கால் படும் ரப்பர்களுக்கு மட்டும்தான். கடைசியில் பின்கோடியில் ஒரு நெல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடுவார். "அதையும் அடைச்சிட வேண்டியதுதான?" என்று கேட்பவர்களுக்கு அவருடைய பதில் இது: "தண்ணி உள்ள போறத நம்மால தடுக்க முடியாது. போன தண்ணி வெளிய வர ஒரு வழி வச்சாப் போதும்."

இதெல்லாம் அவர் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டது. ஆறு வருடம் முன்பு, பெயர் வைத்த அந்த மைத்துனரின் வண்டிக்குப் பட்டை மாட்டியபோது, கெட்டியாக இருக்கட்டும் என்று குளியலறை ஓரத்துக்குப் பூசுகிற சிலிக்கோன் பசையைப் பட்டைக்குள் நிறையப் பூசினார். பின்கோடியையும் அதே பசையால் அடைத்தார். அந்தப் பசை காயும்போது வருகிற புளித்த வாடை அமிலத்தின் வாடை என்பதும், அது இரும்பைத் தின்னும் என்பதும் அப்போது அவருக்குத் தெரியாது. இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது பட்டைக்கு அடியிலிருந்து பெட்ரோல் ஒழுகியது. மைத்துனரின் மகள், அப்போது ஐந்து வயது, டேங்க் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் சட்டை முழுவதும் பெட்ரோல். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்பதுதான் இரண்டு வீட்டிலும் யாரும் வாயைத் திறந்து சொல்லாத வாக்கியம்.

துருவாசர் மறுநாளே போய் நின்றார். மைத்துனர் கதவைத் திறந்து, "டேங்க்க உள்ளயிருந்தே தின்னுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார். அதோடு நான்கு வருடம் பேச்சில்லை. மைத்துனர் கழற்றி எறிந்த அந்த உதிரும் பட்டை எட்டாவது ஆணிக்கு வந்தது அப்போதுதான்.

இப்போது மைத்துனருக்கு வேறொரு டேங்க் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலம். எல்லா உறுப்பும் பொருந்திய வண்டிக்குத்தான் அனுமதி. மூன்று பட்டறைகளில் விசாரித்திருக்கிறார். ஒருவர் திருப்புளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் மைத்துனர் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். கடைசியில் அக்கா வழியாக டேங்க்கும் பட்டையும் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. இரண்டு சனிக்கிழமை தயாரிப்பு முடிந்தது. மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் மைத்துனரே வந்தார். கவிழ்த்த பெயிண்ட் வாளியில், மேசைக்கு முதுகைப் பாதி காட்டி உட்கார்ந்தார்.

"அக்கா, எத்தன மணிக்கு முடியும்னு கேளு."

அக்கா நடுவில் நிற்கிறார். இந்தப் பக்கம் தம்பி மூன்றடி, அந்தப் பக்கம் கணவர் நான்கடி. "எத்தன மணிக்கு முடியுமாம்?"

"அது பட்டைக்குத்தான் தெரியும்னு சொல்லு."

"பட்டைக்குத்தான் தெரியுமாம்டா."

"என்ன பசை போட்டிருக்காருன்னு கேளு."

துருவாசர் பசைக் குழாயை மனைவியிடம் கொடுத்தார். மனைவி தம்பியிடம் நீட்டினார். தம்பி நன்றாக இழுத்து முகர்ந்தார். "சரி, போடட்டும்னு சொல்லு."

"என்னைய ரெண்டு பேரும் டெலிபோன் கம்பின்னு நெனச்சீங்களா? அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்குனா யாரு தொடைக்கிறது?" என்றார் அக்கா. ஆனால் நகரவில்லை.

பட்டை ஏறத் தொடங்கியது. இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி, ஒரு தடவைக்கு ஓர் அங்குலம். பாதி தாண்டியது. மைத்துனர் எப்போது திரும்பி உட்கார்ந்தார், எப்போது எழுந்து மேசைப் பக்கம் வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கொக்கிக்கு நான்கு விரல் இருக்கும்போது பட்டையின் முனை லேசாகத் தூக்கியது.

"மாமா, மெதுவா!"

நான்கு வருடத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்தச் சொல் கையை உலுக்கிவிட்டது. பட்டை ஒரு பக்கமாக நழுவி, ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. தகரத்தில் நகம் பட்டாற்போல ஒரு சின்னச் சத்தம். அது துருவாசருக்கு மட்டும்தான் கேட்டது. மற்ற இருவரும் அந்த 'மாமா'வைக் கேட்டுவிட்டுத் திகைத்து நின்றார்கள். அக்கா எதுவும் காதில் விழாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடிய வேகத்தில் ஏதோ ஒரு டப்பா உருண்டது.

மைத்துனருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு சிரித்துவிட்டார். "சரி, வாயிலேர்ந்து வந்திடுச்சு. திருப்பி உள்ள தள்ளவா முடியும்?" வாளியைக் காலால் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரிப் பேச்சு கொட்டியது. "பாப்பா ஹெல்மெட்டெல்லாம் தொடச்சு வச்சிட்டா மாமா. பள்ளிக்கூடத்துல ஒருத்தி பாக்கியில்லாம சொல்லியாச்சு. நீங்களும் வரணுமாம். பட்டை மாட்டுன மாமாதான் முன்னால நிக்கணுமாம்."

"ம்" என்றார் துருவாசர்.

அவர் கண் அந்த இடத்திலேயே இருந்தது. மயிரிழை அகலம், ஓர் அரிசி நீளம். சிவப்புப் பெயிண்ட்டுக்கு நடுவே வெள்ளையாக இரும்பு. வாரம் முழுக்க ஓடுகிற மூடிகளில் கீறல் தேடிப் பழகிய கண் என்பதால்தான் அது தெரிந்தது. நான்கு விரல் தள்ளினால் பட்டை மூடிவிடும். மெழுகு இருக்கிறது, ஒரு மழைக்காலம் தாங்கும். இரண்டுகூடத் தாங்கலாம். கொக்கி மாட்டிவிட்டால் அப்புறம் நெம்பித்தான் கழற்ற வேண்டும், நெம்பினால் விளிம்பே போய்விடும். 'அப்புறம் கொண்டுவர்றேன்' என்று போன டேங்க் எதுவும் ஓட்டை விழாமல் திரும்பி வந்ததும் இல்லை. இந்தக் கீறலுக்குப் பூச்சு வைத்தால் காய மூன்று நாள். ஊர்வலம் நாளைக் காலை.

தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது. வழக்கமாக இரண்டு டம்ளர், இன்றைக்கு மூன்று.

"என்ன மாமா, அசந்துட்டீங்களா?"

துருவாசர் பட்டையைப் பின்பக்கம் தள்ளத் தொடங்கினார். ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம். முழுவதும் வெளியே வந்ததும் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கீறிடுச்சு மாப்ள."

மைத்துனர் எழுந்து குனிந்து பார்த்தார். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "எங்க? ஒண்ணும் காணோமே." குரல் லேசாக இறங்கியது. "நான் கூப்பிட்டதாலயா?"

"இல்ல. என் கைதான்."

"இருந்தா என்ன மாமா? பட்டைதான் மேல வருதே. யாருக்குத் தெரியப் போகுது? பாப்பா காத்துக்கிட்டிருக்கா."

துருவாசர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மெழுகு படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மைத்துனரின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். டேங்க்கின் முன்கோடியில் வைத்து, விளிம்பின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். வழவழப்பு முடிந்து விரல் லேசாகத் தடுக்கிய இடத்தில் நிறுத்தினார். பிறகு தன் விரலை அந்த விரல் மேல் வைத்து, அப்படியே அழுத்திக்கொண்டு, எட்டாவது ஆணியில் தொங்கும் பட்டையைப் பார்த்தபடி நின்றார்.